வெயில் இருந்தும் வராத கரண்ட்

அன்பு மகன் ஆமிருக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் ஏரலில் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் உன் பெண்சாதி அஸீலாவும் தம்மாமில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். கோபமாக இருக்கிற நாளிலும் அந்த துஆவை நான் விட்டதில்லை, அதை முதலில் தெரிந்துகொண்டு மீதியைப் படி. போன் இருக்க ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ "உம்மா, உம்மா, நான் சொல்லுததக் கேளுங்க" என்கிறாய், அதற்கு மேலும் விடாமல் பிடித்தால் நெட் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. ரசீத் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தம்மாமுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ கடைசிவரை படித்தாயா என்று அவனிடமே கேட்பேன்.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி ஃபர்ஹத் மேலப்பாளையத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள், பெருநாள் கழிந்து பிரசவத்துக்கு இங்கே கூட்டி வரவேண்டும். போன மார்கழியில் வந்த வெள்ளம், இது மாசிக் கடைசி, இன்னும் கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் வற்றவில்லை, வெள்ளை அடித்த இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, அலமாரியைத் திறந்தால் ஆற்று வண்டல் வாடை அடிக்கிறது. மாடியில் இருந்ததால் தையல் மெஷின்கள் தப்பித்தன, தைக்கிற பிள்ளைகள் எல்லாரும் திரும்ப வந்துவிட்டார்கள், பெருநாளுக்கு நைட்டி ஆர்டர் நிறைய இருக்கிறது. வாப்பாவுக்கு மூட்டுவலி கூடியிருக்கிறது, மாடிப்படி ஏறுவதில்லை. "பிள்ள தூர தேசத்துல கெடக்கான், அவனப் போட்டு வையாத" என்று என்னை அடக்கிக்கொண்டே இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்னோடு படித்த செந்தில்முருகன், நம் வீட்டுக்கு சோலார் போட்டுக் கொடுத்தானே, அவன் போன மாதம் வந்து சொன்னதைக் கேட்ட பிறகு மூட முடியவில்லை. அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன், நீ ஒரு பதில் சொன்னாய், அதிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை. பேசாததற்கு உடம்பு சரியில்லை என்று வாப்பா உன்னிடம் சொன்னது பொய். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீ இங்கே இல்லை, உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். போன கோடையில் மொட்டை மாடியில் சோலார்ப் பலகை மாட்டியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. நீ போனில் முகத்தைக் காட்டி, "உம்மா, இனி நம்ம வீட்ல கரண்டே போவாது" என்றாய். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன், பெற்ற பிள்ளை சொல்கிறான். அதன் பிறகு ஊரில் கரண்ட் போகும்போதெல்லாம் நம் வீட்டில் விளக்கும் காத்தாடியும் ஓடத்தான் செய்தன, தையல் மெஷின் மட்டும் நின்றுவிடும். ஏன் என்று உன்னிடம் கேட்டேன். மோட்டார் ஒரேயடியாக இழுக்கும், அதற்காக அதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறது என்றாய். அதையும் நம்பினேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த நம் பழைய இன்வெர்ட்டர் பேட்டரிதான் அந்த விளக்கையும் காத்தாடியையும் ஓட்டுகிறது, மேலே இருக்கிற பலகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? வெயிலில் வருகிற கரண்ட் என்று நினைத்துக்கொண்டு பேட்டரிக் கரண்டில் உட்கார்ந்து பூரித்துப் போயிருந்தேன். நான் பூரித்ததை நீயும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

எதிர்வீட்டு தேவமணி டீச்சருக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பது உனக்குத் தெரியும். உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், நீ அவர்கள் வீட்டு முறுக்கைத் தின்று வளர்ந்தவன். அந்த மெஷின் கரண்டில்தான் ஓடும், கரண்ட் போனால் மாற்றுக்கு ஒரு சின்ன சிலிண்டர், அது கொஞ்ச நேரத்துக்குத்தான். அதனால்தான் ஐப்பசியில் உன்னிடம் தனியாகக் கேட்டேன், பெரிய மழை அடித்துக் கரண்ட் நாள் கணக்காகப் போனால் டீச்சருடைய மெஷின் நம் வீட்டில் ஓடுமா என்று. நீ யோசிக்கக்கூட இல்லை. "ஓடும் உம்மா, ஒரு மெஷின் என்ன, அவங்க வீடே ஓடும்" என்றாய். நான் அந்த வார்த்தையை அப்படியே தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் டீச்சர் வீட்டுக்காரர் பாக்கியசீலன் சாரிடம் சொன்னேன். கரண்ட் போனால் டீச்சரை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுங்கள், ஆமிர் சொல்லியிருக்கிறான் என்று சொன்னேன். உன் வார்த்தையை என் வார்த்தையாக ஆக்கிக் கொடுத்தேன். இந்தத் தெருவில் சித்தி ஜனாபா சொன்னால் அது நடக்கும் என்று எனக்கு ஒரு பேர் உண்டு, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே உண்டு.

மழை விடாமல் கொட்டி, ஆறு கரை உடைத்துத் தெருவுக்குள் வந்த அன்று காலையில் ஒரு டிராக்டர் வந்தது. முடியாதவர்களையும் பிள்ளைக்காரிகளையும் ஏற்றி மேட்டுப்பக்கம் கொண்டுபோனார்கள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பாக்கியசீலன் சார் என் வாசலைப் பார்த்துக் கேட்டார், "ஜனாபாம்மா, டீச்சர இதுல ஏத்தி அனுப்பிரட்டா, இல்ல ஒங்க மாடிக்குக் கொண்டு வரட்டா?" என்று. நான் சொன்னேன், "இந்த மழையில நனைச்சு எங்க கொண்டு போவீய, எங்க மாடிக்கே வந்துருங்க சார், எங்க வீட்ல சூரியக் கரண்டு இருக்கு" என்று. என் வாயால் சொன்னேன். அவர் டிராக்டர்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார், டிராக்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த வண்டியும் எங்கள் தெருவுக்குள் வர முடியவில்லை.

தையல் அறையில் துணிக்கட்டுகளை ஒதுக்கி டீச்சரைப் படுக்க வைத்தோம். மதியத்துக்கு முன்னால் ஊருக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தது, டீச்சருடைய மெஷினும் ஓடியது, நான் சாரைப் பார்த்துச் சிரித்தேன், பார்த்தீர்களா என்பதுபோல. தண்ணீர் மாடிப்படிக்குக் கீழே இருந்த பேட்டரிவரை ஏறியதும் எல்லாம் அணைந்தது. அப்போதுகூட நான் பதறவில்லை, மழை மூட்டம், வெயில் இல்லை, வெயில் வந்தால் வந்துவிடும் என்றேன். அந்த ராத்திரி முழுக்க சார் சிலிண்டரைத் திறந்து திறந்து மூடினார், டீச்சர் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள், அவர் பைபிள் சங்கீதம் சொன்னார், நான் யாஸீன் ஓதினேன், வாப்பாவோடு சேர்த்து நாலு பேரும் விடியட்டும் விடியட்டும் என்று கிடந்தோம். விடிந்தது ஆமிர். மழை ஓய்ந்து, கண்ணைக் கூசுகிற மாதிரி வெயில் அடித்தது. மொட்டை மாடிக்கு ஓடிப் பார்த்தேன், பலகை எல்லாம் கழுவி விட்டதுபோலப் பளபளவென்று மின்னுகின்றன. கீழே வந்து மெஷினை மாட்டினேன். ஒன்றுமில்லை. வேறு பிளக்கில் மாட்டினேன். ஒன்றுமில்லை. சுவரில் மாட்டியிருக்கிற உன் சோலார்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிகிறது. பெட்டிக்குள் விளக்கு எரிகிறதே, அப்படியானால் உள்ளே கரண்ட் இருக்கிறது, எங்களுக்கு ஏன் தரமாட்டேன் என்கிறது என்று அந்தப் பெட்டியைக் கையால் அடித்தேன். போன் டவர் செத்துப்போய்விட்டதால் உன்னோடும் பேச முடியவில்லை. டீச்சர் உதடு நீலம் பாரித்துவிட்டது. சார் அந்த வயர் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

இதற்கு நடுவில் பக்கத்து மாடியிலிருந்து சுடலைக்கண்ணு சத்தம் போட்டான், போனுக்கு சார்ஜ் வேண்டும், மருமகள் தாய் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், டவர் வந்ததும் பேசவேண்டும் என்று. இங்கே எங்களுக்கே இல்லை என்றேன். "அத்தன பெரிய கண்ணாடி மேல மின்னுது, கரண்டு இல்லன்னா யாரு நம்புவா, எங்களுக்குக் குடுக்க மனசில்லன்னு சொல்லுங்க" என்றான். கொடுக்க மனசில்லாதவள் என்ற பேரை நான் வாங்கினேன், என் வீட்டு மாடியில், என் தலைக்கு மேல் உன் பலகை மின்னிக்கொண்டிருக்கும்போது. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. கடலோரத்திலிருந்து படகுக்காரர்கள் வந்திருக்கிறார்கள், பெரிய தெருவோடு போகிறார்கள் என்று யாரோ கத்தியது கேட்டது, எங்கள் தெரு உள்ளடங்கி இருப்பதால் அவர்கள் கண்ணுக்குப் படாது. தையல் அறையில் இருந்த சிவப்பு நைட்டித் துணிக் கட்டை உருட்டிக்கொண்டு மேலே ஓடினேன், பலகைகளுக்கு மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரித்து ஓரத்தில் செங்கல்லை வைத்தேன். ஊருக்கே தெரிகிற உயரம், சாய்த்து வேறு வைத்திருக்கிறாய், கொடி பிடித்த மாதிரி தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் படகைத் திருப்பினார்கள். உன் சோலார் அன்றைக்கு எங்களுக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான், துணி காயப்போட உதவியது. டீச்சரை பிளாஸ்டிக் நாற்காலியில் துப்பட்டியால் கட்டி, படி வழியே தண்ணீரில் இறக்கிப் படகில் ஏற்றினோம். ஏறும்போது அவர்கள் கண் மேலே சொருகியிருந்தது. நான் படியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, யா அல்லாஹ், இவர்களை என் கணக்கில் எழுதிவிடாதே என்று அழுதேன்.

உயிர் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டுக் கிடந்து, பொங்கல் கழிந்துதான் வீடு வந்தார்கள். வந்தது பழைய தேவமணி டீச்சர் இல்லை. முன்பெல்லாம் வாசல்வரை நடந்து வந்து என்னோடு ஒரு வார்த்தை பேசுவார்கள், இப்போது கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும், ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்கு நேரமெடுக்கிறது. அந்த டிராக்டரில் ஏற்றியிருந்தால் இத்தனை சேதம் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாக, டீச்சரைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற அவர்கள் மருமகள் தெருவில் சொல்லிக் கேட்டேன். சார் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. "ஒங்கள ஒண்ணும் சொல்லல, டிராக்டர விட்டது நான்தான" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். காலையில் பால் வாங்கப் போகிறவர் நம் வாசலைத் தாண்டும்போது அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

இத்தனைக்கும் நான் உன்னைக் குறை சொல்லவில்லை. மெஷின் பழுது, வெள்ளத்தில் எதுவோ கெட்டுவிட்டது, பிள்ளை என்ன செய்வான் என்றே நினைத்தேன். செந்தில்முருகன் பலகையைச் சரிபார்க்க வந்தபோது, எங்கே பழுது, எப்போது சரியாகும் என்றுதான் கேட்டேன். அவன் பெட்டியைப் பார்த்துவிட்டு பழுதே இல்லை என்றான். அப்புறம் ஏன் ஓடவில்லை என்றேன். "இது லைனோட சேந்து ஓடுத வகை உம்மா, லைன்ல கரண்டு நின்னா இதுவும் தானா நின்னுரும், அப்படி நிக்கலன்னா கம்பத்துல ஏறி வேல செய்யுதவனுக்கு ஷாக் அடிச்சுரும்லா, பேட்டரியும் அதுக்குண்டான பெட்டியும் இருந்தாத்தான் தனியா ஓடும்" என்றான். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமிர்ட்ட சொன்னேன் உம்மா. பேட்டரி அடுத்த வருசம் பாத்துக்கிடலாம், உம்மாட்ட இதச் சொல்லாண்டாம், குழம்பிருவாங்கன்னான்" என்றான். அவன் பங்குக்கு அவனையும் நன்றாகக் கேட்டேன், வீட்டில் இருக்கிறவளிடம் சொல்லாமல் வீட்டில் எதை மாட்டினாலும் அது திருட்டு வேலைதான் என்று சொன்னேன். ஆனால் அவன் ஊரான் பிள்ளை. நீ என் பிள்ளை. அன்றைக்கே உனக்குப் போன் போட்டுக் கேட்டேன், உனக்குத் தெரியுமா தெரியாதா என்று. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். "டெக்னிக்கல் விஷயம் உம்மா, சொன்னா ஒங்களுக்குப் புரியாது" என்றாய்.

புரியாதா? செந்தில்முருகன் படியில் நின்றுகொண்டு ஒரு மூச்சில் சொன்னான், எனக்குப் புரிந்தது. நாலு மோட்டார் மெஷினையும் ஏழு பெண்பிள்ளைகளையும் வைத்துத் தொழில் நடத்துகிறேன், நூல் அறுந்தால் எந்த மெஷினில் எந்தத் திருகு இளகியிருக்கிறது என்று சத்தத்தில் சொல்வேன், லைன் நின்றால் இதுவும் நின்றுவிடும் என்ற ஒரு வரி என் மண்டையில் ஏறாதா? பேட்டரிக்கு இப்போது வசதியில்லை உம்மா என்று சொல்லியிருந்தால் நான் உன்னை ஏசியிருக்கவா போகிறேன்? சரி மகனே, ஆனபோது போடுவோம் என்று சொல்லிவிட்டு, டீச்சரை டிராக்டரில் ஏற்றியிருப்பேன். அவ்வளவுதான் ஆமிர். நீ ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் நான் அவர்களை டிராக்டரில் ஏற்றியிருப்பேன். பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று "ஓடும்" என்றாய், நான் அதை நம்பி இன்னொருத்தி மூச்சை அதில் வைத்தேன். சோலார் மேல் எனக்குக் கோபமில்லை, பகலில் மெஷின் எல்லாம் அதில்தான் ஓடுகிறது, கரண்ட் பில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, நல்ல பொருள்தான். நல்ல பொருளைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பொய் சொன்னாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி நீ பேட்டரிக்குப் பணம் அனுப்புகிறேன் என்று சொல்லாதே. பேட்டரியும், லைன் நின்றாலும் தனியாக ஓடத் தெரிந்த புதுப் பெட்டியும் போட்டாயிற்று, தையல் அறையிலேயே உயரத்தில் வைத்திருக்கிறேன், செந்தில்முருகன்தான் வந்து மாட்டினான், அவனைப் பக்கத்திலேயே நிற்க வைத்து மெயினை நானே அணைத்து, சாயந்தரம் வரைக்கும் போடவே இல்லை. எல்லாம் ஓடியது. மறுநாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சாரிடம், இந்தத் தடவை நான் சொல்வதை நம்ப வேண்டாம், மெஷினைக் கொண்டு வந்து நீங்களே பாருங்கள் என்றேன். அவர் டீச்சருக்கு சிலிண்டரை மாட்டி மருமகளைக் காவல் வைத்துவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெயினை அணைத்தேன். மெஷின் ஓடியது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டார், பிள்ளைகள் எல்லாம் தைக்கிறதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். "ஓடுது" என்றார். பிளக்கைக் கழற்றி, வயரைச் சுற்றி, தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே போய் டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, "ஆமிர… ஏசாதிய… பாவம்… அவனுக்கே… தெரியாம இருந்திருக்கும்" என்றார்கள்.

ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, பொய்யாகிவிடும். இல்லை, தெரியும் என்று சொல்லவும் முடியவில்லை, பெற்ற வயிறு. அவர்கள் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர்களுக்கு இன்றுவரை உண்மை தெரியாது, செந்தில்முருகனையும் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அது நீ சொல்ல வேண்டியது, அதை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நோன்பு பிறக்க இன்னும் சில நாள்தான், வெயிலில் வேலை செய்கிற நாளில் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள், ஸஹருக்கு எழும்பாமல் வெறும் வயிற்றோடு நோன்பு பிடிக்காதே, அஸீலாவைக் கடிந்து பேசாதே, அவளுக்கு என் ஸலாம் சொல். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான பரக்கத்தும் தரட்டும், உன் நாக்கில் உண்மையை வைக்கட்டும், ஆமீன். பெருநாளைக்கு லீவில் வருகிறாய் என்று வாப்பா சொன்னார். ஒன்றை மறக்காதே. ஏரலில் வந்து இறங்கியதும் நம் வீட்டுக்குள் நுழையாதே, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போ. டீச்சருக்கும் சாருக்கும் முன்னால் நின்று, எனக்குத் தெரியும், தெரிந்துதான் உம்மாவிடம் சொல்லாமல் விட்டேன் என்று உன் வாயால் சொல். அவர்கள் ஏசினாலும் ஏசாவிட்டாலும் முழுசாகக் கேட்டுக்கொண்டு வா. அதுவரை நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருப்பேன், திறக்க மாட்டேன். சொல்லிவிட்டு வந்து தட்டு.

உன் உம்மா
சித்தி ஜனாபா
ஏரல்